மணமும் நாற்றமும்

'நாற்றம்' என்னும் சொல் இன்று நம் வீடுகளில் பழிச்சொல்லாகவே வழங்குகிறது. பழந்தமிழில் அது பழிச்சொல் அன்று. பூவின் மணத்தையும் சாந்தின் மணத்தையும் புலவர்கள் அச்சொல்லாலேயே குறித்தனர். திருமாலின் வாய்மணம் எத்தகையது என்று வெண்சங்கினிடம் ஆண்டாள் வினவும் இடத்தில் ஆளப்பட்ட வினைச்சொல்லும் நாறுதல் என்பதே. ஐம்புலன்களுக்கு உரியவற்றை எண்ணிச் சொல்லும் திருவள்ளுவர், மூக்கிற்கு உரியதை நாற்றம் என்று மட்டும் சொல்லி அமைகிறார். நன்று, தீது என்னும் பாகுபாட்டை அவ்விடத்தில் அவர் செய்யவில்லை. பின்னாளில் அச்சொல் இழிந்தது. மூக்கு மாறவில்லை, முகரப்படும் பொருளும் மாறவில்லை. முகர்ந்தவரின் தீர்ப்பு சொல்லின்மீது ஏறி அமர்ந்துகொண்டது.

சொல்லுக்கு நேர்ந்த கதி மனிதருக்கும் நேர்வதுண்டு. பிறந்த மண்ணில் மணமாக இருந்தது, புகுந்த மண்ணில் நாற்றமாகிவிடுகிறது. அந்நிலையில் தன் வீட்டு மணத்தை மறைத்துக்கொள்வது இழுக்கா? மறைக்கலாகாது என்று தம் பிள்ளைகளைப் பெற்றோர் வற்புறுத்துவது முறையா? ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களில் இவ்வினாக்கள் உணவு மேசையிலும் பள்ளிவாயிலிலும் நாள்தோறும் எழுகின்றன. எழுந்தும் பேசப்படாமலே போகின்றன. இவற்றைப் புலனுணர்வின் வழியே எழுப்பும் ஒரு நாவலை, கொரியக் குடும்பம் ஒன்றின் கதையை, நம் அன்பர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

'பச்சிங்கோ' என்னும் அந்நாவல் 2017இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியை மின் ஜின் லீ 1968இல் சியோல் நகரில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் நியூயார்க்கில் குடியேறியவர். 1989இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, சப்பானில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் ஒருவரின் உரையை அவர் கேட்டார். சப்பானில் பிறந்து வளர்ந்த கொரியச் சிறுவன் ஒருவன் பதின்மூன்று வயதில் மாடியிலிருந்து குதித்து உயிர்விட்ட செய்தி அவ்வுரையில் இருந்தது. அவனுடைய பள்ளி ஆண்டுமலரில் உடன் பயின்ற பிள்ளைகள் எழுதிவைத்திருந்த வசைகளைப் பெற்றோர் பின்னரே கண்டனர். அவற்றுள் ஒன்று, அவன்மீது கிம்ச்சி வாடை அடிக்கிறது என்பது. அச்சிறுவனை மறக்க இயலாமையே இந்நூலுக்கு வித்து என ஆசிரியை பலமுறை கூறியிருக்கிறார். 500 பக்கங்களை எட்டும் பெருங்கதைக்கு மூலம் ஒரு மணம். அந்த மணத்தைக் குற்றமாக்கிய ஒரு வாக்கியம்.

கதை 1910ஆம் ஆண்டளவில் தொடங்குகிறது. கொரியாவைச் சப்பான் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்ட ஆண்டு அது. புசான் துறைமுகத்தை அடுத்த யோங்டோ தீவில் ஓர் ஏழைக் குடும்பம் மீனவர்க்கு உணவும் உறைவிடமும் அளித்துப் பிழைக்கிறது. அவ்வீட்டு மகள் சுன்ஜா, மணமான ஒருவனை நம்பிக் கருவுறுகிறாள். அவ்வீட்டில் நோயுற்றுத் தங்கிய ஈசாக் என்னும் இளம் போதகர், அவளை மணந்து ஒசாகா நகருக்கு அழைத்துச் செல்கிறார்.

திருமணத்தன்று நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சியை நூலின் உயிர்நிலைகளுள் ஒன்றாக நாம் கொள்கிறோம். மகள் கடல் கடந்து போகுமுன் ஒருவேளை வெள்ளரிசிச் சோறு அவளுக்கு ஊட்டிவிட வேண்டும் என்று தாய் யாங்ஜின் அரிசிக் கடைக்குச் செல்கிறாள். கடைக்காரர் தயங்குகிறார். அரிசி இல்லாமல் இல்லை. அது சப்பானிய வாடிக்கையாளர்க்கென்று வைக்கப்பட்டது. கொரிய வயலில் விளைந்த அரிசி கொரியத் தாய்க்கு அரிதாகிவிட்டது. இது வெறுங்கற்பனை அன்று. 1920இல் தொடங்கிய அரிசிப் பெருக்கத் திட்டத்தின்கீழ் விளைச்சலில் பெரும்பங்கு சப்பானுக்குக் கப்பலேறியதும், கொரிய மக்கள் மஞ்சூரியத் தினையை உண்டு வயிற்றை நிரப்பியதும் வரலாறு. ஆனால் வரலாற்று நூல் டன் கணக்கில் சொல்வதை நாவல் ஒரு கிண்ண அளவில் சொல்கிறது. கடைக்காரர் இறுதியில் மனமிரங்கி அரிசி தருகிறார். அச்சோற்றின் சுவையை வருணிக்க ஆசிரியை சொற்களைக் கொட்டவில்லை. பசித்தவர்க்குச் சோற்றின் வெண்மையே போதும். நம் சங்க மலர்களில் இடம்பெறும் ஊர்நினைவுக் கவிதைகளை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவற்றில் அன்னையின் சமையல் எப்போதும் மணம் கமழ்கிறது; ஆனால் அங்கே எவரும் வெங்காயம் உரிப்பதில்லை, அடுப்பூதிக் கண் கலங்குவதுமில்லை!

இந்நாவலில் உரிக்கிறார்கள். ஒசாகாவில் கொரியர் நெருங்கி வாழ்ந்த இகாயினோ என்னும் சேரியில் ஈசாக்கின் அண்ணன் யோசப்பின் வீடு. யோசப்பின் மனைவி கியுங்ஹீ. 1939இல் ஈசாக் சிறைப்படுகிறார். சப்பானியர் கோயிலில் வணங்கும்போது சபைப் பணியாளர் ஒருவர் தம் வேதத்து மன்றாட்டை முணுமுணுத்துவிட்டார் என்பதே காரணம். வீட்டில் வருவாய் குன்றுகிறது. பெண்கள் கடைவீதியில் நிற்பது தனக்கு இழுக்கு என்று யோசப் கருதியபோதும், ஓரகத்தியர் இருவரும் கிம்ச்சி செய்து விற்கத் தலைப்படுகின்றனர். கோசுக்கீரையை உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் ஊறிய இறாலும் கூட்டிச் சாடியில் புளிக்கவைப்பது கிம்ச்சி. நம் ஊறுகாய்ச் சாடிக்கும் கருவாட்டுப் பானைக்கும் இடைப்பட்ட மணம் அதற்கு உண்டு என்றால் அன்பர்கள் அறிந்துகொள்வர். சுன்ஜா சாடியை வண்டியில் ஏற்றித் தெருவில் கூவி விற்கிறாள். மொழி சரிவர வராத ஊரில் அவள் குரலை முதன்முதலாக ஊர் கேட்பது அவ்வாறுதான்.

குடும்பத்திற்குச் சோறிட்ட அந்த மணமே மூத்த மகன் நோவாவைச் சுடுகிறது. சட்டை தூயதுதான், ஆயினும் வெங்காயமும் பூண்டும் அதில் ஏறிவிட்டன. ஆசிரியரே அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, வீட்டில் பன்றி வளர்ப்போரின் பிள்ளைகளுடன் அமர்த்துகிறார். உடன் பயில்வோர் பூண்டைச் சேர்த்து இழிபெயர் இடுகின்றனர். சிறுவன் அழவில்லை, சண்டையிடவும் இல்லை. வீட்டிற்கு வந்து, பூண்டு சேர்க்காத உணவு வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்கிறான். காரணத்தை வினவியதும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். கியுங்ஹீ ஒன்றும் பேசாமல், கைப்பொருள் மிகுதியாகச் செலவாகும் என்றறிந்தும், காலையில் பால் ரொட்டியும் நண்பகலில் சப்பானியச் சிற்றுணவும் அவனுக்குத் தருகிறாள்.

இடையே ஒரு சொல். ஆங்கில மூலத்தில் கியுங்ஹீ வெறும் 'ஆண்ட்டி'. தந்தையின் தமையன் மனைவியைக் கொரியர் 'பெரிய அம்மா' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். தமிழில் படித்தால் கிடைக்கும் இவ்வுறவின் வெப்பம் ஆங்கிலத்தில் ஆறிப்போய்விடுகிறது. மகப்பேறில்லாத அப்பெண்ணுக்கு நோவா யார் என்பது 'பெரியம்மா' என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

கியுங்ஹீ செய்தது சரியா? மானத்தை விலையாகக் கொடுத்து அமைதியை வாங்கினாள் என்று கடிந்துரைப்போர் உண்டு. அவர்கள் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்தவர்கள் அல்லர் என்றே நாம் எண்ணுகிறோம். எட்டு வயதுச் சிறுவனைப் போர்வீரனாக்கிப் பள்ளிக்கு அனுப்பும் உரிமை எந்தப் பெரியவருக்கும் இல்லை. அவள் செயல் அன்பே. ஆனால் அன்பு தான் கற்பிக்க நினையாத பாடத்தையும் கற்பித்துவிடுகிறது. தன்னிடம் குறை இருக்கிறது, அக்குறையைத் துடைத்தால் பிறர் ஏற்பர் என்பது நோவா கற்ற பாடம். துடைத்தும் அவர்கள் ஏற்கவில்லை என்பதை அவன் கண்டான். கண்டதிலிருந்து இன்னும் அழுத்தித் துடைக்கவே முடிவு செய்தான்.

அதன் எல்லை நாகானோ நகரம். அரிதின் முயன்று வசேதா பல்கலைக்கழகத்தில் இடம்பெற்ற நோவா, போதகர் ஈசாக் தன்னைப் பெற்றவர் அல்லர் என்றும், கள்ளக் கும்பலோடு தொடர்புடைய செல்வன் ஒருவனே தந்தை என்றும் 1962இல் அறிகிறான். படிப்பையும் குடும்பத்தையும் விட்டு ஓடி, பெயரை மாற்றி, சப்பானியனாகவே வாழத் தொடங்குகிறான். மனைவியும் நான்கு மக்களும் அவன் பிறப்பை அறியார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1978இல், தாய் அவனைத் தேடி வருகிறாள். இருவரும் பேசுகின்றனர். அவள் சென்ற சிறிது நேரத்தில் அவன் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். பூண்டில்லா உணவு கேட்ட சிறுவன் வளர்ந்து, பூண்டில்லா வாழ்வையே கேட்டுப் பெற்றான். தாயின் வருகை அவ்வாழ்வுக்குள் மணத்தைப்போல் நுழைந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம். மூக்கை நெடுநேரம் பொத்த இயலாது, மூச்சு நின்றுவிடும். முகர்தலைக் குறிக்க வள்ளுவர் காமத்துப்பாலில் 'உயிர்த்தல்' என்னும் சொல்லை ஆண்டிருப்பது நினையத்தக்கது. மூச்சுவிடுதலும் முகர்தலும் உயிரோடிருத்தலும் தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒருவனைப் பார்த்து, நீ இந்த மணத்தோடு இங்கே இராதே என்று கூறுவது, நீ இங்கே உயிர்க்காதே என்று கூறுவதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன் அதை அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பான்.

நம் பக்கத்துக்கு வருவோம். ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் உரசிக்கொள்ளும் நிலப்பகுதியில் இருக்கிறது. எல்லைக் கோடுகள் மனிதரைக் கேட்டுப் போடப்பட்டவை அல்ல. 1911இல் மாவட்டம் உருவானது, 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது, 1960இல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. இவ்வட்டாரத்துத் தமிழர் சிலர் இருந்த இடத்திலிருந்தே அயலவர் ஆனவர்கள். சிலர் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். இங்கிருந்து வெளியே சென்றவர்களும் உண்டு. 1880 முதல் ஆங்கிலேய நிறுவனம் அகழ்ந்த கோலார் தங்கவயலுக்கு வடாற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் தமிழர் திரள்திரளாகச் சென்றனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், அங்கிருந்த குடும்பங்களிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியேறி வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரை நாம் அறிவோம். குப்பம் நிலையத்திலும் அதே தண்டவாளம். அதே தூக்குப் பாத்திரங்கள். பெட்டி நிறைந்த கூட்டத்தில் ஒருவர் மூடியைத் திறந்தால், அவர் எந்த ஊர், எந்த அடுப்பு என்பதைப் பெட்டி முழுவதும் அறிந்துகொள்ளும்.

இவ்வட்டாரத்தின் உணவு ராகிக் களி. தெலுங்கர் சங்கட்டி என்பர். வேர்க்கடலைத் துவையலோ கீரைக் கடைசலோ துணை. ஒரு தலைமுறைக்கு முன் களி உண்பவன் என்பது ஏழை என்பதற்கு மறுபெயர். நெல்லுச்சோறு விருந்தினர்க்கும் நோயாளிக்கும் உரியதாக இருந்த வீடுகள் எத்தனையோ. யாங்ஜின் அரிசிக் கடையில் நின்ற நிலை நம் பாட்டிமார்க்குப் புதிதன்று. பிழைக்கப்போன பட்டணத்தில் களியை ஒளித்து உண்ட மக்கள் உண்டு. இன்றோ அதே ராகி பளபளக்கும் உறைகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. கொரியர் கூடிக் கிம்ச்சி செய்யும் மரபை 2013இல் யுனெசுக்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. கிம்ச்சி சப்பானியக் கடைகளிலேயே விரும்பி வாங்கப்படும் பண்டமாகிவிட்டது. மகிழ வேண்டியதுதான். ஆயினும் நம் மனத்தில் ஒரு முள் நெருடுகிறது. உலகம் சான்றிதழ் அளித்தபின்பு ஒன்றை மணம் என்று ஒப்புக்கொள்வது, முன்பு அதை நாற்றம் என்று ஒப்புக்கொண்டதன் மறுபக்கம் அன்றோ? இரண்டிலும் தீர்ப்பை எழுதியவர் பிறரே. இகாயினோ என்ற பெயரும் 1973இல் ஊர்ப்பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே வெந்த பூண்டுக்கு எந்தப் பட்டியலும் ஈடாகாது.

இங்கு மற்றொன்றையும் மறைக்கலாகாது. நாம் நாற்றத்திற்கு ஆளானவர்கள் மட்டும் அல்லர், பிறரை ஆளாக்கியவர்களும்கூட. குப்பம் பகுதி பட்டுப்புழு வளர்ப்புக்குப் பேர்போனது. முசுக்கொட்டை இலை குவிந்து கிடக்கும் புழு மனையின் வாடையும், கூட்டைக் கொதிநீரில் இட்டு நூல் எடுக்கும் இடத்தின் வாடையும் புதியவர்க்குத் தாங்காது. அவ்வேலை செய்பவரைப் பந்தியில் அருகே அமரவிட முகம் சுளிப்போர், அதே நூலில் நெய்த புடவையைத் திருமணத்தில் உடுத்திச் சந்தன மணத்துடன் நிற்பர். தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி தொலைவில் இல்லை. அங்கும் இதுவே கதை. ஒருவர் உழைப்பின் வாடையை அவர் உடலின் குற்றமாகவும் குலத்தின் குற்றமாகவும் கணக்கெழுதும் வழக்கத்தை நாம் கடல் கடந்து கற்கவில்லை, உள்ளூரிலேயே பயின்றோம். புலால் சமைப்போர்க்கு வீடில்லை என்று சொல்லும் நம்மவர், வெளிநாட்டில் தாளிப்பு மணத்திற்காக அண்டை வீட்டார் முறையிட்டால் கொதிக்கின்றனர். நோவாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பிய ஆசிரியர் அயல்நாட்டார் மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு இந்நூலைப் படித்தால், பாதி நூலைத்தான் படித்தவர் ஆவோம்.

அப்படியானால் வீட்டு மணத்தைப் பிள்ளைகள் விடாமல் காக்க வேண்டும் என்று விதி செய்துவிடலாமா? இதற்கு மறுமொழி தருவது மற்றொரு கொரியக் குடும்பத்தின் கதை. 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங் எழுதிய அந்நாவல் கவிஞர் சமயவேலின் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்னும் பெயரில் தமிழில் கிடைக்கிறது. இறைச்சி உண்ண மறுக்கும் மகளைத் தந்தை குடும்ப விருந்தில், சுற்றத்தார் கண்முன்பு அறைந்து, அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கிறார். அங்கே அயலவர் எவரும் இல்லை. சொந்த வீடு, சொந்த உணவு, சொந்தக் கை. 'பச்சிங்கோ'வில் தெரு நோவாவின் வாயை மூடியது. இங்கே வீடு மகளின் வாயைத் திறக்கிறது. உடலுக்கு உரியவரின் விருப்பம் இரண்டிடத்திலும் மதிக்கப்படவில்லை. பால் ரொட்டி கேட்ட பிள்ளைக்குப் பால் ரொட்டி கொடுத்த கியுங்ஹீ, இந்தத் தந்தைக்கு எவ்வளவோ உயர்ந்து நிற்கிறாள்.

அவள் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லத் துணிகிறோம். ரொட்டியைக் கொடுத்த கையோடு, இது உன் பள்ளிக்காக, உன் குறைக்காக அன்று என்று அவள் சொல்லியிருக்கலாம். மணம் தவறில்லை, முகர்ந்தவன் தீர்ப்பே தவறு என்று பெரியவர் வாயால் ஒருமுறை கேட்ட பிள்ளைக்கும், கேளாத பிள்ளைக்கும் வேறுபாடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல, தன் மணத்தைக் குறித்து அவளே நாணாதிருக்க வேண்டும். நாள் முழுதும் பூண்டு நறுக்கிக் களைத்தவளுக்கு அந்த ஓய்வை யார் கொடுத்தார்? நம் வீடுகளிலும் தாய்மார் இருவேலை பார்த்துத் திரும்பிச் சமைக்கின்றனர். பிள்ளை தன் மதிய உணவுப் பெட்டியை ஏன் மூடியபடியே திருப்பிக் கொண்டுவருகிறான் என்று கேட்டு உட்கார நேரம் வாய்ப்பதில்லை.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்தபோது ஊறுணர்வை, அதாவது தொடு உணர்வை, முதலில் வைத்தார். சுவை, நாற்றம், ஒளி, ஓசை என ஏறி, மனம் ஆறாவதாக நின்றது. புல்லுக்கும் மரத்திற்கும் உள்ளது அந்த முதல் உணர்வு. சுவையிலும் மணத்திலும் நெடுந்தொலைவு நடந்த இந்நாவல், முடிவில் அங்கேதான் இறங்குகிறது. 1989இல் முதியவளான சுன்ஜா ஈசாக்கின் கல்லறைக்குச் செல்கிறாள். நோவா ஆண்டுக்கணக்கில் அங்கு வந்துபோனதைக் காவலாளி வாயிலாக அறிகிறாள். பெயரையும் பிறப்பையும் மறைத்து வாழ்ந்தவன், தன்னைப் பெறாத தந்தையின் கல்லறைக்கு மட்டும் மறைவாக வந்து நின்றிருக்கிறான். காவலாளி அகன்றபின் அவள் கல்லறையின் ஓரத்தில் வெறுங்கையால் மண்ணைப் பறித்து, மக்கள் இருவரின் படங்கள் அடங்கிய சாவிக்கொத்தைப் புதைத்து மூடுகிறாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். அங்கே கியுங்ஹீ காத்திருப்பாள்.